உங்கள் வீட்டு அலாரம் வேலை செய்கிறதா? கருவி ஒன்றும் இல்லாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நடக்கும் காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். திருவிழா, பள்ளி விடுமுறை, ஊரில் ஒரு கலியாணம் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டால் இரண்டு கிழமைக்கு வீட்டில் ஆள் இராது. அலாரம் பூட்டியவர்கள் கொஞ்சம் நிம்மதியோடு பஸ் ஏறுகிறார்கள். ரிமோட்டை அழுத்தியதும் சைரன் ஒரு தடவை கீச்சிடும், அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் லைட் மாறும், கேட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியாயிற்று. ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ரிமோட் அனுப்பிய கட்டளை பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பின் அறை யன்னலில் இருக்கிற சென்சர் உயிரோடு இருக்கிறதா என்பது பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பச்சை லைட்டும் அப்படித்தான். எல்லாச் சென்சர்களும் இப்போது அமைதியாக இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். நல்ல சென்சரும் அமைதியாக இருக்கும், செத்துப்போன சென்சரும் அமைதியாக இருக்கும், முன்பு யாரோ இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போன சென்சரும் அமைதியாகவே இருக்கும். பெட்டிக்கு மூன்றும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சென்சரையும் ஒரு தடவையாவது பேச வைத்துப் பார்த்தால் ஒழிய உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பேச வைப்பதும் ஏதோ ஒரு விதமாக அல்ல. கள்ளன் எப்படி வருவானோ அப்படி, வீடு பூட்டிக் கிடக்கும்போது எப்படி இருக்குமோ அந்த நிலையில். இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போவது இதைத்தான், ஏனென்றால் கொழும்பின் வெக்கையும் ஈரமும் உப்புக்காற்றும் இந்தச் சாமான்களை என்ன செய்கின்றன என்பதைப் பொருத்த வருகிறவர்கள் அனேகமாகச் சொல்வதில்லை.

தேவையானவை: இன்னொரு ஆள், ஒரு பென்சில், கொஞ்சம் ஒட்டும் டேப், மணிக்கூடு. மல்ட்டிமீட்டர் வேண்டாம். அலாரத்தை டெஸ்ட் நிலையில் போடுங்கள். அந்த வசதி உங்கள் பெட்டியில் இல்லாவிட்டால் 'சைம்' என்கிற வசதி அனேகமாக இருக்கும், கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு மணி அடிக்கும். கண்காணிப்புக் கொம்பனி ஒன்றோடு இணைத்திருந்தால் முதலில் அவர்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கும் கீழே இருக்கிற செக்கியூரிட்டிக்கும் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தெரியாமல் சும்மா சும்மா அடிக்கிற அலாரத்தை அயலவர்கள் காதில் வாங்காமல் விடப் பழகிவிடுவார்கள், அது சென்சர் பழுதாவதை விடப் பெரிய நட்டம்.

கதவும் யன்னலும்

கதவில் இருக்கிற சென்சர் இரண்டு துண்டு. ஒன்றில் காந்தம், அது கதவில் இருக்கும். மற்றதில் விரல் நகம் அகலம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அது நிலையில் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது காந்தம் பக்கத்தில் வந்து தகடுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது, சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. கதவு திறந்தால் தகடுகள் பிரிகின்றன, சுற்று அறுகிறது, பெட்டி விழித்துக்கொள்கிறது. இந்தக் குழாய்ச் சுவிச்சை 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் என்பவர் உருவாக்கினார், அடிப்படை இன்றுவரை மாறவில்லை. கதவுக்கு மின்சார அலாரம் என்பது அதைவிடப் பழையது. மாசசூசெற்ஸ் மாநிலத்தின் சமர்வில் என்ற ஊரில் ஒகஸ்டஸ் ரசல் போப் 1853இல் காப்புரிமை வாங்கிவிட்டார். போப்பின் ஏற்பாட்டில் கதவு திறந்தால்தான் சுற்று மூடி மணி அடிக்கும், அதனால் வயரை வெட்டிவிட்டால் மணி ஊமையாகிவிடும். இன்றைய ஏற்பாடு தலைகீழ், வயரை வெட்டினாலும் கதவு திறந்ததாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும்.

இந்த நல்ல ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. மின்னல் அடித்த பிறகோ, பொருத்தும்போது தவறான வயரைத் தொட்டதாலோ அந்த இரண்டு தகடுகளும் உருகி ஒட்டிக்கொண்டால் சுற்று நிரந்தரமாக மூடியபடியே இருக்கும். கதவை அகலத் திறந்து வைத்தாலும் பெட்டி 'மூடியிருக்கிறது' என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கதவு மூடும்போது லைட் சரியாக எரிகிறது என்று பார்த்தால் போதாது, திறந்து பார்க்க வேண்டும்.

எப்படித் திறப்பது என்பதும் முக்கியம். ஒரே இழுவையில் திறக்காதீர்கள். மெதுவாக, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று திறந்துகொண்டு போங்கள், மற்ற ஆள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லட்டும். மணி அடித்த இடத்தில் தரையிலோ நிலையிலோ பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று சென்டிமீற்றரில் அடித்தால் நல்லது. ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்த பிறகும் அடிக்கவில்லை என்றால் காந்தமும் சுவிச்சும் சரியான இடத்தில் இல்லை. அப்புறம் கதவைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள், அப்போது அடிக்கக் கூடாது. அடித்தால் காற்றடிக்கிற முதல் இரவிலேயே வீணாக அடித்து ஊரைக் கூட்டும்.

இந்தப் பென்சில் கோட்டை அழிக்காதீர்கள். கொழும்பில் மே மாதத்துத் தென்மேல் பருவக்காற்றிலும், அதைவிட மோசமாக ஒக்டோபர், நவம்பர் மழையிலும் மரக்கதவு ஊதும். பலா மரமானாலும் சரி, மலிவுப் பலகையானாலும் சரி, கதவு நிலையில் இறுகி, காந்தம் இருக்கிற இடம் சில மில்லிமீற்றர் நகரும். மாசியில் சரியாக இருந்த சென்சர் ஐப்பசியில் மூடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த நேரத்தில்தான் பலர் அந்தக் கதவை மட்டும் விலக்கி வைத்துவிட்டு அலாரத்தைப் போடுகிறார்கள், பிறகு விலக்கி வைத்ததையே மறந்துவிடுகிறார்கள். கோடு இருந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, காந்தத்துக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

இரும்புக் கிறில் கதவில் சாதாரணச் சென்சரைப் பூட்டியிருந்தால் இன்னொரு சங்கதி. இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மரத்தில் இரண்டு சென்டிமீற்றர் தூரத்துக்கு வேலை செய்கிற காந்தம் இரும்பில் பாதித் தூரத்துக்குக்கூடச் செய்யாமல் போகலாம். அலுமினிய யன்னலில் இந்தப் பிரச்சினை இல்லை.

யன்னல்களில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு விடக் கூடாது. நாலைந்து யன்னல்களை ஒரே வயரில் தொடராகக் கோத்து 'மூன்றாம் பகுதி' என்று ஒரு லைட்டைக் கொடுத்திருப்பார்கள். முதல் யன்னல் அடித்தால் மற்றவையும் சரி என்று ஆகாது. மற்றதெல்லாம் மூடியிருக்க, ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டும். வேலை பிடிக்காத ஒரு சென்சரைச் சமாளிக்க அதன் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது, அப்படிச் செய்த யன்னல் இந்தச் சோதனையில்தான் மாட்டும். மரீன் டிரைவ் பக்கம், கடலுக்கு நேரே யன்னல் வைத்த வீடுகளில் வயர் பூட்டிய திருகாணிகளில் பச்சைப் பாசி மாதிரி ஒன்று படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது செம்பு உப்புக்காற்றில் அரித்தது. இன்று வேலை செய்யும், நாளை மழைக்குச் செய்யாது.

வெக்கையில் கண் மங்குகிற சென்சர்

அறை மூலையில் உயரத்தில் இருந்து பார்க்கிற வெள்ளைப் பெட்டி, ஆள் நடமாடினால் சிவப்பு லைட் மினுக்குகிறதே, பி.ஐ.ஆர். என்பார்கள், அதுதான் அதிகம் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று. அதனிடம் இருந்து ஒரு கதிரும் வெளியே போவதில்லை. நம் உடம்பு விடுகிற வெப்பக் கதிரை அது வாங்கிக்கொள்கிறது. மனிதத் தோலின் வெப்பம் சுமார் 33, 34 பாகை செல்சியஸ், அந்த வெப்பத்தில் வெளிவரும் அகச்சிவப்புக் கதிரின் உச்சம் ஏறத்தாழ 9.4 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் இருக்கும். சென்சர் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான பகுதியை மட்டும் பார்க்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே இரண்டு உணர்துண்டுகள், ஒன்றுக்கு ஒன்று எதிராக இணைத்தபடி. அறை முழுவதும் மெதுவாகச் சூடேறினால் இரண்டும் ஒரே அளவு உணர்ந்து ஒன்றை ஒன்று கழித்துவிடும். சூடான ஒரு பொருள் ஒன்றின் பார்வையில் இருந்து மற்றதன் பார்வைக்கு நகர்ந்தால்தான் சிக்னல் வரும். முன்னால் இருக்கிற வரிவரியான பிளாஸ்டிக் வில்லை அறையை விசிறி மாதிரிப் பல கீற்றுகளாகப் பிரித்துவிடுகிறது, ஆள் அந்தக் கீற்றுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்போது சிக்னல் துடிக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. முதலாவது, குறுக்கே நடப்பவரைச் சென்சர் சுலபமாகப் பிடிக்கும், அதை நோக்கி நேராக வருபவரைப் பிடிக்கச் சிரமப்படும். இரண்டாவதுதான் கொழும்புக்காரர்களுக்கு மிக முக்கியம். சென்சர் பார்ப்பது உடம்பின் வெப்பத்தை அல்ல, உடம்புக்கும் பின்னால் இருக்கிற சுவருக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏ.சி. ஓடுகிற அறையில் சுவர் 24 பாகை, முகம் 34, பத்துப் பாகை வித்தியாசம், தவறவே விடாது. பூட்டிக் கிடக்கிற வீட்டில், ஃபேன் இல்லை, யன்னல் திறக்கவில்லை, சித்திரை மாதம், மேலே கொங்கிறீட் தட்டு பகல் முழுக்கக் குடித்த வெயிலை உள்ளே விடுகிறது. அந்த அறையின் சுவர் 32, 33 பாகைக்குச் சுலபமாக வந்துவிடும். சட்டைக்கு மேற்பரப்பில் ஆளின் வெப்பமும் ஏறத்தாழ அதுவேதான். அப்போது ஆளைத் தேடுவது வெள்ளைச் சீலையில் விழுந்த மல்லிகைப் பூவைத் தேடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிற நாட்களில், சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குப் போகிற அதே நேரத்தில், இந்தச் சென்சர்கள் வருடத்திலேயே மிகக் குறைவாகப் பார்க்கின்றன.

நல்ல சென்சர்களில் இதற்குப் பரிகாரம் உண்டு. அறை வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க உணர்திறனைத் தானாகக் கூட்டிக்கொள்ளும். மலிவானவற்றில் அது பேருக்கு இருக்கும் அல்லது இராது. சென்சர் வந்த அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பத் தேவையில்லை, நீங்களே நடந்து பார்த்துவிடலாம், நேரத்தை மட்டும் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். இரவில் ஏ.சி. போட்ட அறையில் கையை ஆட்டிப் பார்த்து, லைட் எரிகிறது என்று திருப்திப்படுவது சோதனையே அல்ல. மதியம் யன்னல்களை மூடி, ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்தி, ஒன்றிரண்டு மணித்தியாலம் அறையைச் சூடேற விடுங்கள். பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குச் சோதியுங்கள். நீண்ட கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோலத்தில் அந்த நேரத்தில் பிடிக்கிற சென்சர் வருடம் முழுக்கப் பிடிக்கும்.

நடக்கும் முறை இப்படி. முதலில் அறையை விட்டு எல்லோரும் வெளியேறி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், சென்சர் அமைதியாகட்டும். அப்புறம் கள்ளன் எங்கிருந்து வருவானோ அங்கிருந்து தொடங்குங்கள்: குசினிப் பின்கதவு, விறாந்தை யன்னல், குளியலறைக் காற்றோட்டம். செக்கனுக்கு ஓர் அடி என்ற வேகத்தில், சாதாரணமாக நடந்தால் மூன்று நாலு அடிக்குள் லைட் எரிய வேண்டும். எரிந்த இடத்தில் தரையில் டேப்பை ஒட்டுங்கள். திரும்பவும் வெளியே போய்க் காத்திருந்து, இம்முறை குனிந்து சுவரோரமாக, மெதுவாக. அதற்கும் ஒரு டேப். மூன்றாவது தடவை சென்சரை நோக்கி நேராக. இப்படி நாலைந்து தடவை செய்தால் தரையில் இருக்கிற டேப்புகளே அந்தச் சென்சரின் பார்வை எங்கே தொடங்குகிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று படம் வரைந்து காட்டிவிடும். அலுமாரியோ குளிர்சாதனப் பெட்டியோ இடம் மாற்றி வைத்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு முழுக் கீற்றுமே செத்திருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எவ்வளவு ஆடினாலும் பிடிக்காது, அந்த அலைநீளக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி விடாது. சென்சருக்கும் யன்னலுக்கும் நடுவில் கண்ணாடி இருந்தால் அந்த யன்னலுக்குக் காவல் இல்லை என்றே கணக்கு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாமா வீட்டில் இதைச் செய்தபோது ஹோலின் நடுவுக்கு வந்துவிட்டேன். "மாமா, இப்ப அடிச்சதோ?" என்று கேட்டால், "இல்லையடா, இன்னும் ஒண்டும் இல்லை" என்கிறார். காரணம் பிறகு தெரிந்தது. முன்பு ஒரு பல்லி அந்தச் சென்சரின் வில்லை மேல் ஏறி ஏறி நடு இரவில் அலாரம் அடித்திருக்கிறது. பொருத்திய கொம்பனியில் இருந்து வந்த ஆள் மூடியைத் திறந்து, உள்ளே 'பல்ஸ்' என்று இருக்கிற சின்னத் தெரிவைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு துடிப்புக்கு அடிக்க வேண்டியது மூன்று துடிப்புக்கு அடிக்கும்படி. பல்லித் தொல்லை நின்றுவிட்டது, வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அதே நேரத்தில் சென்சர் பாதிக் குருடாகிவிட்டது என்பதை ஒருவரும் மாமாவுக்குச் சொல்லவில்லை. இது எனக்கு இன்னும் கோபம் வருகிற விஷயம். ஒரு வீட்டின் காவலைக் குறைக்கிறவர் அந்த வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

பல்லிக்குச் சரியான வழி வேறு. பல்லி சின்னது என்றாலும் வில்லையில் ஒட்டிக்கொண்டு ஓடும்போது சென்சரின் பார்வையை முழுக்க அடைத்துவிடுகிறது, நாய் பூனைக்கு அடிக்காது என்று சொல்லி விற்கிற சென்சரும் இதற்கு அடிக்கும். மூடிக்குள் வயர் நுழைகிற துளையைச் சிலிக்கோனால் அடைத்தால் பல்லியும் எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியிருக்காது. பக்கத்தில் இருக்கிற மின்குமிழை மாற்றுங்கள், பூச்சி அங்கே வருவதால்தான் பல்லியும் அங்கே வருகிறது. வில்லையை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும், பெயின்ட் கழுவுகிற திரவம் ஒன்றும் படக் கூடாது.

வயர் இல்லாதவை

வயர் இழுக்காமல் ஒட்டுகிற செட்டுகள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கமும் நிறையக் கிடைக்கின்றன. இவற்றைச் சோதிக்கும்போது ஒரு விஷயம் தெரியாவிட்டால் நல்ல சென்சரைப் பழுது என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். பற்றரியை மிச்சம் பிடிக்க, ஒரு தடவை ஆளைப் பிடித்த பிறகு இந்த பி.ஐ.ஆர்.கள் சில நிமிடம் தூங்கிவிடும், பலவற்றில் மூன்று நிமிடம் வரை. அந்த நேரத்தில் முன்னால் நின்று கூத்தாடினாலும் அசையாது. இன்னும் மோசம், நீங்கள் உள்ளே நடமாடிக்கொண்டே இருந்தால் அந்த மூன்று நிமிடம் திரும்பத் திரும்பத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு நடைக்கும் நடுவில் அறையைக் காலியாக விட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். டெஸ்ட் பொத்தான் இருந்தால் அதை அழுத்தித் தூக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தலாம்.

சென்சரில் லைட் எரிவது வேறு, அந்தச் செய்தி பெட்டிக்குப் போய்ச் சேர்வது வேறு. மலிவு செட்டுகள் பல 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஒரு வழிப் பேச்சுத்தான் பேசும், சென்சர் கத்திவிட்டுப் போய்விடும், பெட்டி கேட்டதா என்று அதற்குத் தெரியாது. சென்சர் பற்றரி தீர்ந்து செத்தால் பெட்டிக்கும் தெரியாது. உங்களுடையது எந்த வகை என்று அறிய ஒரு சென்சரின் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். நல்ல பெட்டி 'அந்தச் சென்சரைக் காணவில்லை' என்று முறையிடும். மலிவானது வாயே திறக்காது, அதே பச்சை லைட். அப்படியானால் அந்த வீட்டில் கையால் சோதிப்பதைத் தவிர வேறு காவலே இல்லை, மாதம் ஒரு தடவையாவது சுற்றி வர வேண்டும். எல்லாக் கதவுகளையும் பூட்டியபின், தூரத்துச் சென்சரில் இருந்து சோதியுங்கள். இரும்பு றோலர் ஷட்டர் இறங்கியிருக்கும்போது சிக்னல் போகிற பாதை வேறு மாதிரி ஆகிவிடும், கடையும் வீடும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதிர்வுச் சென்சருக்கு அதிகம் சொல்ல இல்லை: கிறிலில் துவாயைச் சுற்றிய கையால் ஓங்கிக் குத்திப் பாருங்கள், அடிக்க வேண்டும், மெல்லத் தட்டினால் அடிக்கக் கூடாது. கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்து வீடுகள் ரயில் போகும்போது ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைகிற சத்தத்தைக் கேட்கிற சென்சரை வீட்டில் முழுமையாகச் சோதிக்க முடியாது. கண்ணாடி வளைகிற மந்தமான அதிர்வும் நொறுங்குகிற கூர்மையான சத்தமும் அடுத்தடுத்து வந்தால்தான் அது நம்பும். கைதட்டி லைட்டைப் பார்த்தால் அதற்குக் காது இருக்கிறது என்று மட்டும் தெரியும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பொருத்தியவர்கள்தான் வர வேண்டும்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாக அமைச்சர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கவே இருண்டது. இந்த ஊரில் அலாரத்தின் பற்றரி ஓர் உபரிப் பொருள் அல்ல.

வயர் போட்ட பெட்டிகளில் அனேகமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி. பெட்டி, விசைப்பலகை, ஐந்தாறு சென்சர் எல்லாம் சேர்த்து 0.3 ஆம்பியர் இழுத்தால் புதுப் பற்றரி ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். ஆனால் இந்தப் பற்றரிகளின் ஆயுளைக் கணக்கிடுவது 20, 25 பாகையில். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும், கொழும்பில் இரும்புப் பெட்டிக்குள் டிரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் இருக்கிற பற்றரிக்கு அந்தப் பத்துப் பாகை சுலபமாகக் கிடைத்துவிடும். ஐந்து வருடம் வரும் என்று வாங்கியதை மூன்றாவது வருடத்திலேயே சந்தேகிக்கத் தொடங்குங்கள். பக்கங்கள் ஊதியிருந்தால் சோதனையே தேவையில்லை, மாற்றுங்கள்.

சோதனை இது: காலையில் அலாரத்துக்குப் போகிற சுவிச்சை நிறுத்துங்கள், பெட்டி 'மின்சாரம் இல்லை' என்று காட்ட வேண்டும். நாலு மணித்தியாலம் அப்படியே விடுங்கள். அதன் முடிவில், கரண்டைத் திரும்பப் போடாமல், சைரனைப் பத்து செக்கன் அடிக்க விடுங்கள். இதுதான் முக்கியமான பகுதி. சும்மா இருக்கும்போது பலவீனமான பற்றரியும் நல்லதாகத் தெரியும், சைரன் ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். சத்தம் இளைத்தால், விசைப்பலகை அணைந்து எரிந்தால், பற்றரி முடிந்தது. முழுக்கத் தீரும் வரை விட்டுப் பார்க்காதீர்கள், அடிவரை இறக்கினால் நல்ல ஈயப் பற்றரியும் கெட்டுவிடும். சைரன் 110 டெசிபெல் வரை போகும், ஏணியில் ஏறி அதன் பக்கத்தில் நிற்காதீர்கள், குழந்தைகளையும் வயதானவர்களையும் உள்ளறைக்கு அனுப்பிவிடுங்கள். வெளிச் சுவரில் இருக்கிற சைரன் பெட்டியைத் தூரத்தில் நின்று பாருங்கள், குளவி மண் கூடு கட்டி வாயை அடைத்திருக்கும்.

கரண்ட் இல்லாத அதே நேரத்தில் போனுக்குச் செய்தி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அலாரத்துக்குப் பற்றரி இருந்தாலும் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இல்லை என்றால் வை-ஃபை வழியாக யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கு ஒன்றும் வராது. அந்த இரண்டுக்கும் ஒரு சின்ன யூ.பி.எஸ். போடுங்கள். சிம் போட்ட பெட்டி என்றால் அந்த சிம்மில் காசு இருக்கிறதா, பாவிக்காமல் விட்டு இணைப்பு வெட்டப்பட்டுவிட்டதா என்று உண்மையாக ஒரு அழைப்பு வரவைத்துப் பாருங்கள். செய்தி வருகிற இலக்கங்களில் ஒன்று கொழும்பிலேயே இருப்பவருடையதாக இருக்கட்டும். வெள்ளவத்தையில் அலாரம் அடிக்க, 400 கிலோமீற்றருக்கு அப்பால் நல்லூர் வீதியில் நிற்பவர் என்ன செய்வார்? 119க்கு அழைக்கலாம், ஆனால் கேட்டில் வந்து நின்று பார்க்கிற ஒருவர் வேண்டும், அவரிடம் முன்கூட்டியே பேசியிருக்கவும் வேண்டும்.

எப்போதெல்லாம் செய்வது என்றால், மாதத்துக்கு ஒரு தடவை கதவுகளும் நடையும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பற்றரி, ஊருக்குப் போவதற்கு ஒரு கிழமை முன்னால் எல்லாமும். போகிற அன்று காலையில் செய்தால் பழுது தெரிந்தாலும் திருத்த நேரம் இராது. இவற்றை விட முக்கியமான ஒன்று மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடியோடு மழை வருகிற காலத்தில், நீளமான அலாரம் வயர்கள் மின்னலின் வீச்சை உள்ளே கொண்டுவரும். பெட்டி தப்பியிருக்கும், லைட்டும் எரியும், கோடியில் இருக்கிற ஒரு சென்சர் மட்டும் சத்தமில்லாமல் போயிருக்கும். பக்கத்தில் இடி விழுந்த அடுத்த நாள், ரவுட்டர் எரிந்ததா ரீவி எரிந்ததா என்று பார்க்கிறபோதே அலாரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

பழுது கண்டுபிடித்து ஆளைக் கூப்பிட்டால் 'அலாரம் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'நாலாம் பகுதி, பின்னேரம் ஆறு அடி நடந்த பிறகும் பிடிக்கவில்லை, டேப் இங்கே இருக்கிறது' என்று காட்டுங்கள். உள்ளே பல்ஸ் எத்தனையில் இருக்கிறது என்று உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர் நிற்கும்போதே அதே அறையில் அதே டேப்பில் இருந்து திரும்ப நடந்து பாருங்கள், பிடித்த பிறகு காசைக் கொடுங்கள்.